பேஸ் கிடாரும் பெயரற்ற விரல்களும்

தமிழ்த் திரையிசையின் வரலாறு என்று இதுவரை எழுதப்பட்டிருப்பவை பெரும்பாலும் பெயர்களின் வரலாறுதான். இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் என்ற மூன்று பெயர்களுக்குள் ஒரு பாட்டு முழுசாக அடங்கிவிடுவதாக இசைத்தட்டு உறையும் வானொலி அறிவிப்பும் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. பாட்டின் அடியில் ஓடும் பேஸ் கிடாருக்கு இந்தப் பட்டியலில் இடம் கிடையாது. ஆனால் ஒரு பேஸ் கலைஞரின் விரல் இன்னொருவரின் விரலை எப்படி உருவாக்கியது, அந்தப் பாதிப்பு எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்று கேட்க ஆரம்பித்தால் இந்தப் பெயர்ப்பட்டியல் ஒன்றும் உதவாது. பெயர் தெரியாமலே ஒரு பாணி பரவ முடியும்; பரவியும் இருக்கிறது. அந்தப் பெயரின்மை எப்படி உற்பத்தி செய்யப்படுகிறது, அதனால் யாருக்கு லாபம் என்பதே இங்கே கேள்வி.

பேஸ் என்ன செய்கிறது? தாளத்துக்கும் மெட்டுக்கும் நடுவில் நிற்கிற வாத்தியம் அது. நான்கே தந்தி. டிரம்ஸின் உதையோடு சேர்ந்து காலப்பிரமாணத்தைக் கட்டுகிறது. அதே சமயம் மேலே ஒலிக்கிற சுரத்துக்கு எது ஆதாரம் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. பாடுகிறவர் பஞ்சமத்திலேயே நிற்கட்டும். கீழே பேஸ் ஷட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்கு நகர்ந்தால் பாடகர் அசையாமலே பாட்டின் உணர்வு மாறிவிடும். சாதாரணமாகக் கேட்கிறவர் இதைத் தனியாகக் கவனிப்பதில்லை. பேஸை எடுத்துவிட்டால் மட்டும், 'என்னமோ குறையுதே' என்பார்.

நம் மரபில் கீழே இருப்பது நகராது. தம்புராவும் நாகஸ்வரத்துக்கான ஒத்தும் ஒரே இடத்தில் நின்று சுருதி காக்கின்றன. மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி வளைகிறது என்றாலும் அது மெட்டுக்கு எதிர்மெட்டு போடுவதில்லை. நகரும் அடிக்குரல் நமக்கு வேறு வாசல்கள் வழியாக வந்தது: நான்கு குரல்களில் பாடும் தேவாலயப் பாடற்குழு, பேண்டு வாத்தியம், பெரம்பூர் ரயில்வே பணிமனைகளைச் சுற்றி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களின் நடன அரங்குகள், பிறகு ஸ்டூடியோ வாத்தியக் குழு. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசைக்குறிப்பை வாசிக்கக் கற்றுக்கொடுத்த மாணவர்கள் பலர் திரையிசைக்குள் போனார்கள். அவர்களில் ஒருவர் இளையராஜா.

சலில் சௌத்ரி, ஜி.கே. வெங்கடேஷ் போன்றவர்களிடம் கிடார் வாசித்தவர் அவர் என்பது முக்கியம். 1976இல் 'அன்னக்கிளி'யோடு அவர் வந்த பிறகு பேஸின் வேலை மாறியது. மூலச் சுரத்தை மட்டும் குத்திக்கொண்டிருந்த வாத்தியம் பாடகரின் மெட்டுக்குக் கீழே இரண்டாவது மெட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தது. 'மூடுபனி' (1980), 'நினைவெல்லாம் நித்யா' (1982) பாடல்களில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால் அதுவே தனிப் பாட்டாக நிற்கும். பாக்கிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட எதிர்மெட்டு உத்தி 1986இன் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆனால் டீக்கடை வானொலி கேட்ட ஜனங்களுக்கு அது பேஸ் வழியாக ஏற்கனவே போய்ச் சேர்ந்திருந்தது. எண்பதுகளில் அவருடைய குழுவில் அந்த வரிகளை வாசித்தவர் சசிதரன். இந்தப் பெயரை எத்தனை ரசிகர்கள் அறிவார்கள்?

இந்த இடத்தில் ஸ்டூடியோவை விட்டு மேற்கே வர வேண்டும். சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகிற மின்சார ரயில் வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் தாண்டி திருமுல்லைவாயிலில் நிற்கும். அடுத்து அண்ணனூர், ஆவடி. ஒருபுறம் 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, மறுபுறம் 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை அனுப்பிய ஆவடித் தொழிற்சாலை. கோடம்பாக்கத்தின் இசை வாழ்ந்தது இம்மாதிரி இடங்களில்தான்: ஆடி மாத அம்மன் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, தொழிற்சங்க ஆண்டுவிழா மேடைகளில். பகலில் லேத்தில் நின்றவர் ராத்திரி மெல்லிசைக் குழுவில் பேஸோடு நின்றார். 'லீட் கிடார் வராதவன் கையில பேஸைக் குடு' என்பது குழுக்களில் அடிபடும் பழைய கிண்டல். அடியில் இருப்பது இழிந்தது என்கிற நம் சமூகப் பொதுப்புத்தி வாத்தியங்களையும் விட்டுவைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர்களுக்கு வாத்தியார் யார்? கேசட்தான். சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது. அதனால் ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து வைத்தார்கள். பானை அடிக்குரலைப் பெருக்கிக் கொடுக்கும். ரிவைண்ட் செய்து, நாலு நோட்டு பிடித்து, மறுபடி ரிவைண்ட் செய்து, விரல் எங்கே அழுத்துகிறது, எங்கே சட்டென்று விட்டு ஒலியை அறுக்கிறது என்று காதாலேயே கண்டுபிடித்தார்கள். கேசட் உறையில் நாயகன் நாயகி முகம் இருந்தது. யாருடைய விரலைப் பிரதியெடுக்கிறோம் என்று அதில் போட்டிருக்கவில்லை. குரு இருந்தார், பெயர்தான் இல்லை.

இது நம் ஊர் விசேஷம் மட்டுமல்ல. சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று முதலீட்டு விளம்பரங்கள் பீற்றிக்கொள்கின்றன. நிஜ டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கார்டி, அந்த உற்பத்தி வரிசையையே மாதிரியாக வைத்து 1959இல் மோட்டவுன் இசை நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் கறுப்பினப் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983). லியோ ஃபெண்டர் 1951இல் சந்தைக்குக் கொண்டுவந்த மின்சார பேஸில், வலதுகையின் ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்தவர். கார்டுகள் குறித்த ஒரு தாள் போதும், மற்றதை அவரே இட்டுக்கட்டுவார். அறுபதுகளில் உலகமே ஆடிய பாட்டுகளுக்கு அடியில் இருந்தது அவர் விரல். லிவர்பூலிலிருந்து வந்த பால் மெக்கார்ட்னி தன்னைப் பாதித்தவர்களில் ஒருவராக அவரைச் சொல்லியிருக்கிறார். ஆனால் மோட்டவுன் தட்டுகளில் அவர் பெயர் வரவில்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான் அச்சேறியது. அடுத்த வருஷமே நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மூட்டை கட்டியது. ஜேமர்சன் 47 வயதில் இறந்தார். அவருடைய பேஸ் வரிகளை எழுத்துக்குறிப்பாக்கி, பிற பேஸ் கலைஞர்களின் வாசிப்போடு 1989இல் ஒரு புத்தகம் வந்த பிறகுதான் அதுவரை காதால் பிரதியெடுத்தவர்கள் ஒரு பெயரைச் சுற்றிக் கூடினார்கள்.

இரண்டையும் அப்படியே ஒன்றாக்கிவிடவும் கூடாது. ஜேமர்சன் தானே புனைந்தார். இளையராஜாவோ ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்டேஷனைத் தானே எழுதித் தருபவர். பேஸ் வரியும் அவர் கையெழுத்துத்தான். அப்படியானால் சசிதரன் வெறும் கருவியா? இங்கேதான் நம் விமர்சகர்கள் தடுமாறுவார்கள். தாளில் சுரம் இருக்கிறது, அதன் நீளம் இருக்கிறது. தந்தியைத் தொடும் அழுத்தம், உதை டிரம்முக்கு ஒரு மயிரிழை பின்னால் விழுகிற நிதானம், ஒலியை எங்கே சாகவிடுவது என்கிற முடிவு ஆகியவை தாளில் இல்லை. திருமுல்லைவாயில் பையன்கள் பானைக்குள்ளிருந்து கற்றுக்கொண்டதில் பாதி, தாளில் இல்லாத இந்தப் பாதிதான். எழுத்து ஆசிரியருக்கு, உடல் யாருக்கு? எழுத்தை அறிவாகவும் கையை வெறும் உழைப்பாகவும் பிரிக்கிற பழைய சாதியப் பிரிவினை இசைக்கூடத்திலும் வேலை செய்கிறது. எழுதியவரே அந்தப் பிரிவினையை உடைத்து மேலே வந்தவர் என்பது இதை இன்னும் சிக்கலாக்குகிறது; ரத்து செய்துவிடவில்லை.

பார்த்தையும் ஃபூக்கோவையும் படித்துவிட்டு 'ஆசிரியன் இறந்தான்' என்று நாம் நிறையவே எழுதினோம். ஆசிரியன் என்று ஒருபோதும் ஏற்கப்படாதவனை அந்த மரணத்தில் எங்கே வைப்பது என்று கேட்டோமா? பெயரின்மை எழுத்தாளனுக்குக் கோட்பாட்டு விடுதலையாக இருக்கலாம். பேஸ் வாசிக்கிறவருக்கு அது கால்ஷீட் கூலியோடு முடிந்துபோகிற கணக்கு.

பிறகு இயந்திரம் வந்தது. 'புன்னகை மன்னன்' (1986) படத்திலேயே சீக்வென்சர் ஒலித்தது. 1992இல் 'ரோஜா'வுக்குப் பிறகு கீபோர்டில் உருவாக்கிய பேஸ் சகஜமாயிற்று. ஆனால் முரண் என்னவென்றால், வாத்தியக் கலைஞர்களின் பெயரைக் கேசட் உறைகளில் போடும் பழக்கத்தைப் பரவலாக்கியவரும் ஏ.ஆர். ரகுமான்தான். கீத் பீட்டர்ஸ் என்ற பேஸ் கலைஞரைப் பெயர்சொல்லித் தேடிக் கேட்கும் ஒரு தலைமுறை அதனால் உண்டானது. ஆட்கள் குறைந்த காலத்தில் பெயர்கள் கூடின. இன்னொரு உதாரணம் ஆலாப் ராஜு: பேஸ் கலைஞரான அவர் பரவலாக அறியப்பட்டது 2011இல் 'கோ' படத்தில் பாடி ஃபிலிம்ஃபேர் விருது வாங்கியபோது. பேஸ்காரர் பெயர் பெற வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது.

பெயர் என்ன அவ்வளவு பெரிசா என்று கேட்பவர்கள் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தைப் பார்க்க வேண்டும். நிகழ்த்துநருக்கு ராயல்டி உரிமையையும் தன்னை நிகழ்த்துநராக அடையாளப்படுத்தக் கோரும் உரிமையையும் அது தருகிறது. கூடவே ஒரு விலக்கு: திரைப்படத்தில் ஒருவரது பங்களிப்பு தற்செயலானதாகவோ இடையில் வந்துபோவதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படாமலும் இருந்தால் அவர் நிகழ்த்துநரே அல்ல, தன் வாசிப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை மட்டும் மிஞ்சும். அதாவது, பெயர் போடாத வழக்கமே உரிமையைப் பறிக்கும் காரணங்களில் ஒன்றாகிவிடுகிறது. பாட்டு முழுக்க ஓடும் பேஸ் 'இடையில் வந்துபோவது' அல்ல என்று வாதாடலாம். வாதாட வேண்டிய சுமை யார் தலையில் விழும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சினி மியூசிஷியன்ஸ் யூனியனைக் கட்டி எழுப்பியவர்களில் முன்னோடி எம்.பி. சீனிவாசன். 1988இல் மறைந்த அந்த இடதுசாரி, மெட்ராஸ் யூத் கொயரையும் உருவாக்கினார். சேர்ந்திசையில் அடிக்குரல் பாடுகிறவருக்குத் தனியாகக் கைதட்டு கிடையாது. அவர் இல்லாமல் கூட்டுக்குரலும் கிடையாது. சங்கத்தையும் சேர்ந்திசையையும் ஒரே மனிதர் கட்டினார் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

செய்ய வேண்டியது கோட்பாடு மட்டுமல்ல. பழைய பதிவுகளில் எந்தப் பாட்டுக்கு யார் பேஸ் வாசித்தார்கள் என்பதை, வாசித்தவர்களும் உடன் வாசித்தவர்களும் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். அம்பத்தூர், ஆவடி மெல்லிசைக் குழுக்காரர்களிடம் அவர்கள் யாரைக் கேட்டு, எந்தப் பாட்டில், எதைக் கற்றார்கள் என்று விசாரிக்க வேண்டும். பாணி எப்படிப் பரவியது என்பதற்கு அவர்கள்தான் சாட்சி. அந்தச் சாட்சியம் கையிலிருந்தால் 2012 விலக்கை எதிர்த்துச் சங்கம் பேசுவதற்கும் ஓர் ஆவணம் இருக்கும். கேசட்டுகள் பூசணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன, வாசித்தவர்களுக்கும் வயதாகிறது.