ஆகஸ்ட் 15: இரு நாட்காட்டிகள் சந்திக்கும் நாள்

2019 ஆகஸ்ட் 15. சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில், 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதரைக் காண மக்கள் திரண்ட 46-ஆம் நாள். நாட்டுக்கோ சுதந்திர தினம். நமக்கு அது துல்ஹஜ் 13. ஹஜ்ஜுப் பெருநாள் தக்பீர் அன்றைய அஸர் தொழுகையோடு நிறைவுற்றது.

சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆதலால் நம் நோன்பும் பெருநாளும் ஆங்கிலத் தேதிகளினூடே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கின்றன.

1947-இல் இதே தேதி, ரமளானின் கடைசி வெள்ளிக்கிழமை. நம் முன்னோர் நோன்பாளிகளாகவே விடுதலையை வரவேற்றனர். ஆகஸ்ட் 18-இல் பெருநாள் கொண்டாடினர். பஞ்சாப் பிரிவினையின் கொடுமையில் எரிந்துகொண்டிருந்தது. காந்தியடிகளோ விடுதலை விழாவுக்குச் செல்லவில்லை. கல்கத்தாவின் பெலியகட்டாவில், ஹைதரி மன்சில் என்னும் முஸ்லிம் இல்லத்தில் தங்கி, அவரும் அன்று உண்ணாநோன்பு இருந்தார். முந்தைய ஆண்டு ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட அந்நகரத் தெருக்களில், அன்று இந்துக்களும் முஸ்லிம்களும் கட்டித் தழுவினர்.

தேதி எவருக்கும் தனியுடைமை அன்று. நம் பெருநாளை அறிந்திருப்பது போலவே அண்டை வீட்டாரின் திருநாளையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும். அண்டை வீட்டாரின் உரிமையை நபிகள் நாயகம் (ஸல்) நமக்கு வலியுறுத்தியிருக்கிறார்கள். நம் நாட்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!