ஒரு கணக்கு நோட்டில் ஒரு கிராமம்

பி.காம். படிக்கிற எனக்கும் சரித்திரத்துக்கும் பள்ளிக்கூடத்தோடு உறவு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது ஒரு வரவு செலவு நோட்டு. நம்புங்கள்!

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் எக்ஸ்மூர் மேட்டு நிலத்தின் தெற்கு ஓரத்தில் மோர்பாத் என்று ஒரு குக்கிராமம். 16ஆம் நூற்றாண்டில் மொத்தமே 33 குடும்பங்கள். 1520இல் அங்கே பங்குச் சாமியாராக வந்த கிறிஸ்டோபர் ட்ரிக்கி, 1574இல் சாகும்வரை 54 வருடம் அங்கேயே இருந்தார். தேவாலயக் கணக்கை அவரே எழுதி, ஊரார் முன்னால் வாசித்தும் காட்டுவார்.

அப்படி என்ன கணக்கு? அங்கே புனிதர்களின் விளக்குகளுக்குத் தனித்தனி நிதி. வங்கியா இருந்தது? முதலீடெல்லாம் ஆடுகள்தான்! தேவாலயத்து ஆடுகளை ஆளுக்கொன்றாக வீடுகளில் வளர்ப்பார்கள். கம்பளி விற்ற காசு நிதிக்குப் போகும். யார் வீட்டு ஆடு செத்தது, யாருடையது குட்டி போட்டது, எல்லாம் பெயரோடு பதிவாகியிருக்கிறது. அதனால் ராஜாக்களின் சரித்திரத்தில் இடமே இல்லாத அந்தக் குடும்பங்களை இன்றைக்கும் நாம் பெயர் சொல்லி அடையாளம் காண முடிகிறது.

ட்ரிக்கிக்கு ஒரு ஆசை. இறந்தவர்களுக்கான பூசைக்கு நல்ல கறுப்பு அங்கி வாங்க வேண்டும். சிறுகச் சிறுகச் சேர்த்து, சுமார் 20 வருடம் கழித்து 1547இல் வாங்கினார். அதே வருடம் எட்டாம் ஹென்றி இறந்து, மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சி வந்தது. பழைய வழிபாட்டு முறைகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டன. விளக்குகள் அணைந்தன, ஆடுகள் விற்கப்பட்டன. அங்கிக்கும் வேலை இல்லாமல் போயிற்று. இருபது வருட சேமிப்பு, பாவம்.

1549 ஜூனில் ஆங்கிலப் புது ஜெப நூலைக் கட்டாயமாக்கியதும் டெவனிலும் கார்ன்வாலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்து எக்ஸெட்டர் நகரை முற்றுகையிட்டார்கள். அந்த வருடத்து மோர்பாத் கணக்கில் ஒரு செலவு: ஊரிலிருந்து ஐந்து பேர் செயின்ட் டேவிட்ஸ் டவுன் முகாமுக்குப் போக ஆன செலவு. எக்ஸெட்டரின் வாசலில் இருந்த அது, கிளர்ச்சிக்காரர்களின் முகாம்! ஊர்ப் பணத்தில் பையன்களை ராஜாவுக்கு எதிராக அனுப்பிவிட்டு, ஆட்டுக் கணக்குப் போலவே அதையும் எழுதி வைத்திருக்கிறார் மனிதர். இந்த வரிகளின் அர்த்தத்தை வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி 2001இல் வெளியான தன் புத்தகத்தில் விரிவாக எடுத்துச் சொன்னார்.

ஆகஸ்டில் கிளர்ச்சி நசுக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1553இல் ராணி மேரி வந்து பழைய வழிபாடு திரும்பியபோது, வீடுகளில் ஒளித்து வைத்த தேவாலயப் பொருட்களை ஊரார் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதுவும் நோட்டில் இருக்கிறது. பிறகு முதலாம் எலிசபெத் காலத்தில் மறுபடி எல்லாம் மாறியது. ட்ரிக்கி மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார்.

வகுப்பில் இரண்டு பக்கமும் டேலி ஆனால் நிம்மதியாக நோட்டை மூடிவிடுவோம். மோர்பாத் கணக்கில் அந்த ஐந்து பேரின் செலவும் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் பையன்களை வழியனுப்பிய வீடுகளில் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு எந்தக் கணக்கிலும் பத்தி கிடையாது. இனி பழைய நோட்டு எது கையில் கிடைத்தாலும் கூட்டுத்தொகையைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பெயர்கள்.