சுவீடன் வளவுகளில் ஹொப் கொடி

வீட்டு வளவில் எதை நடுவது, எதை நடாது விடுவது என்பதை வீட்டுக்காரரே தீர்மானிப்பது உலக வழக்கம். முருங்கையோ மாதுளையோ மல்லிகையோ, அவரவர் விருப்பப்படி நடுகின்றோம். ஆனால், இன்ன கொடியை இத்தனை கம்பங்களில் ஏற்றி வளர்த்தே தீரவேண்டும், வளர்க்கத் தவறியவன் தண்டம் இறுக்கவேண்டும் என்று ஒரு தேசத்தின் சட்டம் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குடியானவனுக்குக் கட்டளையிட்டு வந்தது. அத்தேசம் ஐரோப்பாவின் வடபால் உள்ள சுவீடன். அக்கொடி ஹொப் எனப்படுவது. அக்கொடியின் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

ஹொப் என்பது பியர் என்னும் பானத்துக்குக் கசப்பும் மணமும் தரும் பூவைக் கொண்ட கொடி. மதுவின் பெருமையை எடுத்துரைப்பது என் நோக்கமன்று. ஒரு செடியின் வாயிலாக ஒரு நாட்டுக் குடியானவரின் வாழ்வை அறிந்துகொள்வதே நோக்கம்.

முதலில் கொடியை அறிமுகம் செய்துகொள்வோம். வெற்றிலைக் கொடியும் மிளகுக் கொடியும் கணுவில் விடும் சிறு வேர்களால் கொழுகொம்பைப் பற்றிக்கொள்வதை நாம் கண்டிருக்கின்றோம். ஹொப் கொடிக்கு அத்தகைய வேர்களும் இல்லை, பற்றுக்கம்பிகளும் இல்லை. அதன் தண்டில் கொக்கிபோல் வளைந்த நுண்மயிர்கள் உண்டு. அவற்றால் கம்பத்தைப் பிடித்து, சூரியன் செல்லும் திசையிலேயே சுற்றிச் சுற்றி மேலேறும். ஒரே கோடைகாலத்தில் ஐந்து, ஆறு மீற்றர் உயரம் சென்றுவிடும். குளிர்காலம் வந்ததும் மண்ணுக்கு மேலுள்ள பகுதி முழுவதும் பட்டுப்போகும். ஆனால், நிலத்தினடியில் உள்ள வேர்த்தண்டு உறங்கிக் கிடந்து, இளவேனிலில் மீண்டும் துளிர்க்கும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கொடியில் தோன்றும் பூக்கள் மெல்லிய செதில்கள் அடுக்கிய சிறு கூம்புகளாக முதிரும். அச்செதில்களின் அடியில் மஞ்சள் நிறத் தூள்போன்ற பிசின் இருக்கின்றது. கொடியின் பயன் முழுவதும் அந்தத் தூளிலேதான். 1753ஆம் ஆண்டில் இதற்கு ‘ஹியூமுலஸ் லூப்புலஸ்’ என்று அறிவியற் பெயரிட்டவர், சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லினேயஸ். கஞ்சாச் செடியும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் கஞ்சாவின் மயக்கும் பொருள் ஹொப் கொடியில் இல்லை.

இத்துணைச் சிறிய பூவின்மேல் ஓர் அரசாங்கம் ஏன் இவ்வளவு அக்கறை கொண்டது? அதற்கு அக்காலத்து வடநாட்டு வீட்டின் சமையலறையை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். குளிர்காலம் நீண்டது. மீனையும் இறைச்சியையும் உப்பிலிட்டுச் சேமித்தே மாதக் கணக்காக உண்டனர். உப்பு மிகுந்த உணவுக்குத் தாகம் மிகுதி. வாற்கோதுமையை முளைக்கவைத்து வடித்த மென்பானமே சிறியோர் முதல் பெரியோர் வரை அன்றாடம் அருந்தும் பானமாக இருந்தது. அதை வீட்டுப் பெண்கள் வீட்டிலேயே காய்ச்சினர். அப்பானம் விரைவிற் புளித்துக் கெட்டுவிடும் இயல்புடையது. ஹொப் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால், அதன் கசப்புப் பொருள் புளிப்பை உண்டாக்கும் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். கிருமி என்ற ஒன்றை அறியாத காலத்திலேயே, இப்பூ பானத்தைக் காக்கும் என்பதை அனுபவம் கற்பித்துவிட்டது.

இந்த அனுபவம் முதலில் எழுத்தில் இடம்பெற்றது கிறித்தவத் துறவிகளின் மடங்களில். வட பிரான்சிலுள்ள கோர்பி மடத்தின் தலைவர் அடல்ஹார்ட் 822ஆம் ஆண்டில் வகுத்த ஒழுங்குவிதிகளில் ஹொப் பற்றிய குறிப்பு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் வாழ்ந்த ஹில்டகார்ட் என்னும் துறவியம்மையார், ஹொப்பின் கசப்பு பானங்களைக் கெடாமற் காக்கின்றது என்று தம் மருத்துவ நூலில் எழுதினார். பின்னர் வட ஜேர்மனியின் வணிக நகரங்கள் ஹொப் சேர்த்த பியரைப் பெருமளவிற் காய்ச்சி, கடல் வழியே விற்கத் தொடங்கின. ஹொப் பூவும் வணிகச் சரக்காயிற்று. சுவீடன் அதைப் பிறநாட்டாரிடம் வாங்கியது. வாங்கும் பொருளுக்கு விலை கொடுக்கவேண்டும் அல்லவா? நாட்டிலேயே விளையக்கூடிய ஒன்றுக்கு ஏன் பணம் வெளியே போகவேண்டும் என்ற கேள்வி எழுந்தது.

அக்கேள்விக்கு விடையாக வந்ததே சட்டம். 1442ஆம் ஆண்டில், டென்மார்க், நோர்வே, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளுக்கும் அரசராயிருந்த கிறிஸ்தோபர் காலத்தில், சுவீடனின் நாட்டுச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. நிலத்திற் குடியிருந்து பயிர் செய்பவன் ஒவ்வொருவனும் 40 கம்பங்கள் கொண்ட ஹொப் தோட்டம் வைத்திருக்கவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. இவ்வாறு, அரண்மனைக்கும் மடத்துக்கும் உரியதாயிருந்த கொடி குடியானவனின் வளவுக்கு வந்து சேர்ந்தது.

வளவில் அதை எப்படி வளர்த்தனர்? வீட்டுக்கு அண்மையில், வெயில் நன்கு படுவதும் வடகாற்றுக்கு மறைவானதுமான ஓரிடத்தைத் தெரிந்தெடுப்பர். மண்ணை ஆழக் கொத்தி, மாட்டெருவை நிறைய இடுவர். ஹொப் பெரும்பசி கொண்ட பயிர். விதை போட்டு முளைக்கவைப்பதில்லை, விதையில் ஆணும் பெண்ணும் கலந்து வரும் என்பதால். நல்ல பெண் கொடியின் வேர்த்தண்டை இளவேனிலில் வெட்டி, துண்டுகளாக நடுவர். அயல்வீட்டிலிருந்து வாங்கிய துண்டு, தாய்வீட்டிலிருந்து மகள் கொண்டுவந்த துண்டு என்று ஒரே கொடி ஊர்விட்டு ஊர் பரவும். முளைத்து வரும் பல தளிர்களில் வலிமையுள்ள இரண்டு மூன்றை மட்டும் கம்பத்தில் ஏற்றிவிட்டு, ஏனையவற்றைக் கிள்ளி எறிவர். கிள்ளிய இளந்தளிர் கறிக்கும் உதவும். முதலாம் ஆண்டில் விளைவு சொற்பமே. மூன்றாம் ஆண்டளவிலேயே கொடி தன் முழுப் பலனைத் தரும். கோடை முடிந்து, கூம்புகள் காகிதம்போல் உலர்ந்து சலசலக்கும் காலத்தில் கம்பங்களைப் பிடுங்கிச் சாய்த்து, வீட்டார் அனைவரும் சுற்றியிருந்து பூப் பறிப்பர். பறித்ததை உலர்த்திச் சாக்கில் அழுத்தி அடைத்துவைப்பர். எஞ்சிய தண்டின் நாரைத் திரித்து நூலாக்கியவர்களும் உண்டு.

கேட்பதற்கு இது இனிய காட்சி. ஆனால், இதன் மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. 1734ஆம் ஆண்டில் சுவீடனின் சட்டங்கள் மீண்டும் தொகுக்கப்பட்டபோது, ஒரு முழுப் பண்ணைக்கு வேண்டிய கம்பங்களின் தொகை 200 என்று விதிக்கப்பட்டது. ஒரு கம்பம் ஐந்து மீற்றர் என்று கொண்டாலும், 200 கம்பங்களை நீட்டி வைத்தால் ஒரு கிலோமீற்றர் நீளம் ஆகும். அவ்வளவு மரத்தையும் காட்டில் வெட்டி, பட்டை உரித்து, சுமந்து வந்து நடவேண்டியவன் குடியானவன். மண்ணிற் புதைந்த அடி உக்கிப்போகப் புதிய கம்பம் தேடவேண்டியவனும் அவனே. தானியத்துக்குப் போகவேண்டிய எருவில் ஒரு பங்கை ஹொப் தின்றது. விளைந்த பூவிலும் ஒரு பகுதி வரியாக வெளியே சென்றது. சட்டம் எழுதியவர் கையில் மண் ஒட்டவில்லை. பாரம் முழுவதும் வளவுக்காரன் தோளிலேயே விழுந்தது.

இவ்விடத்தில் இங்கிலாந்தை ஒப்புநோக்குவது பொருத்தமாகும். அங்கு ஹொப் பயிர் பிளாந்தர் நாட்டிலிருந்து பரவியது. அங்கும் பிறநாட்டுப் பூவை நம்பியிருக்கும் குறை இருந்தது. கெண்ட் மாகாணத்தைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்கொட் என்பவர் 1574ஆம் ஆண்டில் ஹொப் தோட்டம் அமைக்கும் முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். மண்ணைத் தெரிவதிலிருந்து பூவை உலர்த்துவது வரை படங்களோடு எடுத்துக்காட்டிய நூல் அது. சூனியக்காரிகள் என்று பழிசுமத்தி ஏழைப் பெண்களை வதைத்த கொடுமையைக் கண்டித்து 1584ஆம் ஆண்டில் நூல் எழுதியவரும் இவரே. சுவீடன் தண்டத்தைக் காட்டிப் பணித்த காரியத்தை, இம்மனிதர் விளக்கத்தைக் காட்டி வேண்டினார். ஒரே கொடியை வளர்ப்பதற்கு ஆட்சியாளர் ஒரு வழியையும் ஆசிரியர் வேறொரு வழியையும் நாடினர்.

மீண்டும் சுவீடனுக்கு வருவோம். 1628ஆம் ஆண்டில் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ப் மன்னர் நாடெங்கும் நில அளவை செய்யும் பணியைத் தொடக்கிவைத்தார். அடுத்த பத்தாண்டுகளில் அளவையாளர் ஊர் ஊராகச் சென்று வரைந்த படங்களில், வயலும் புல்வெளியும் மட்டுமன்றி, வீட்டோரத்து ஹொப் தோட்டங்களும் குறிக்கப்பட்டன. வரிக்காக வரைந்த படங்கள் அவை. அவை வேறொரு காரியத்துக்கும் பிற்காலத்தில் உதவப்போகின்றன என்பதை வரைந்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பெரிய மதுவடிசாலைகள் எழுந்தன. பவேரிய முறையிற் காய்ச்சிய பியர் பரவியது. வடிசாலைகள் ஜேர்மன் பூவையே விரும்பின. வீட்டிற் காய்ச்சும் வழக்கமும் குறையலாயிற்று. 1860ஆம் ஆண்டில், ஹொப் வளர்க்கவேண்டும் என்ற கட்டாயம் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. கம்பங்கள் விறகாயின. தோட்டங்கள் உருளைக்கிழங்குப் பாத்திகளாயின.

சட்டம் போய்விட்டது. கொடி போய்விட்டதா? இல்லை என்பதே இக்கதையின் சிறப்பு. நிலத்தடியில் உறங்கும் வேர்த்தண்டுக்குச் சட்டம் நீங்கிய செய்தி எட்டவில்லை. ஆண்டுதோறும் இளவேனிலில் அது துளிர்த்தது. கம்பம் இல்லாவிடத்து வேலியிலும் புதரிலும் இடிந்த சுவரிலும் ஏறியது. சில வீடுகளில் முகப்பு நிழலுக்காக அதை விட்டுவைத்தனர். சில வீடுகளில் உலர்ந்த பூவைத் தலையணையில் வைத்தால் நல்ல உறக்கம் வரும் என்று பறித்தனர். இன்னும் சிலர், பாட்டி காலத்துக் கொடி என்பதற்காகவே அதை வெட்ட மனமின்றி இருந்தனர்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனில் பழைய பயிர்வகைகளைத் தேடிக் காக்கும் தேசியப் பணி ஒன்று தொடங்கியது. ஆய்வாளர் அந்த 17ஆம் நூற்றாண்டு நில அளவைப் படங்களைக் கையிற் கொண்டு பழைய பண்ணைகளுக்குச் சென்றனர். படத்தில் தோட்டம் குறிக்கப்பட்ட இடத்தை நெருங்கிப் பார்த்தபோது, பல இடங்களிற் கொடி இன்னும் நின்றது! பொதுமக்களிடமும், உங்கள் வளவில் பழைய ஹொப் உண்டா என்று கேட்டு விவரம் திரட்டினர். மரபணுச் சோதனையில், அவற்றுட் பல ஒன்றினின்று ஒன்று வேறுபட்ட வகைகள் என்பது தெரியவந்தது. அவ்வாறு தெரிந்தெடுத்த பழைய வகைகள், 2016ஆம் ஆண்டில் தென் சுவீடனின் ஆல்னார்ப் என்னுமிடத்தில் திறக்கப்பட்ட தேசிய மரபணுத் தோட்டத்திற் பாதுகாக்கப்படுகின்றன. நீண்ட கோடைப் பகலுக்கும் கடுங்குளிருக்கும் பழகிப்போன இக்கொடிகள், இன்று வீட்டுத் தோட்டத்தில் ஹொப் நட விரும்பும் சுவீடன் மக்களுக்குப் புதுச் செல்வமாயின.

ஸ்டொக்ஹோம் நகரின் நடுவே ‘ஹும்லெகோர்டன்’ என்றொரு பூங்கா உண்டு. ஹொப் தோட்டம் என்பதே அப்பெயரின் பொருள். ஒரு காலத்தில் அரண்மனைக்கு வேண்டிய ஹொப் அங்கே பயிரானது. இன்று அப்பூங்காவினுள் தேசிய நூலகம் நிற்கின்றது. 1885ஆம் ஆண்டில் நிறுவிய லினேயசின் சிலையும் அங்கே நிற்கின்றது. நூலகத்தில் 1442ஆம் ஆண்டின் சட்டத்தைப் படிக்கலாம். ஆனால், அச்சட்டத்தின் விளைவை அறிய விரும்புபவர், ஏதோவொரு சிற்றூரில் ஒரு மூதாட்டியின் வளவு மூலைக்குத்தான் போகவேண்டும்.

நேயர்களே, நீண்டகாலம் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று கூறி முடிக்கின்றேன். கட்டளையால் ஒரு செடியை நடுவிக்கலாம். கட்டளை நீங்கியபின் அதைக் காப்பது, வீட்டிலுள்ள ஒருவரின் மனம் மட்டுமே. சுவீடன் ஆய்வாளர் தேடிச் சென்ற காலத்தில், கொடியின் கதையைச் சொல்லக்கூடிய முதியவர் சில வீடுகளில் இருந்தனர், சில வீடுகளில் இல்லை. இருந்த இடத்தில் கொடியோடு கதையும் கிடைத்தது. இல்லாத இடத்தில் கொடி மட்டும் கிடைத்தது. உங்கள் வளவின் மூலையிலும் யார் நட்டதென்று தெரியாத ஒரு செடி நிற்கக்கூடும். அதை நட்டவர் யார், எங்கிருந்து கொண்டுவந்தார் என்பதை அறிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.