கைக்கூலி: ஒரு சொல்லும் அதன் உரிமையும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் மார்க்கம் வேறாயினும் குடிவழக்கம் நெருங்கியது. பாடுவான்கரையில் கொக்கட்டிச்சோலைத் தமிழரும் எழுவான்கரையில் காத்தான்குடி முஸ்லிம்களும் தாய்வழியில் குடி எண்ணிய மக்கள். தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில் குடிகளுக்கு உரிமைகள் வகுக்கப்பட்டன. எமது பள்ளிவாசல்களில் குடிக்கொரு மரைக்காயர் இருந்தார். மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே இருத்துவது இரு சாராருக்கும் பொது. வீட்டையும் காணியையும் சீதனம் என்றனர்.

முஸ்லிம்களிடையே மாப்பிள்ளை கையில் கொடுக்கும் காசுக்கு மட்டும் தனிப்பெயர் உண்டு: கைக்கூலி. பொதுத்தமிழில் இச்சொல்லுக்கு லஞ்சம் என்றொரு பொருள்; அரசியல் மேடையில் அது காசுக்கு விலைபோனவனைக் குறிக்கும் வசைச்சொல். ஆகவே அந்தக் காசு மாப்பிள்ளைக்குக் கொடுத்த விலை, கொடுத்ததோடு கதை முடிந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இந்தத் தமிழ்ச் சொல்லையே எடுத்தாண்டு பொருள் வரையறுத்தது. திருமணத்துக்கு முன்னரோ திருமணத்தின்போதோ பெண்ணின் உறவினரோ வேறொருவரோ மணமகனுக்குக் கொடுத்த, அல்லது கொடுப்பதாக வாக்களித்த பணமும் அசையும் ஆதனமுமே கைக்கூலி. அது மணமகளின் உபயோகத்துக்காகக் கொடுக்கப்படுவது என்பதே அவ்வரையறையின் உயிர். காசு வாங்கிய கை கணவனுடையது, காசு மனைவியுடையது. அதனாற்றான் கைக்கூலியைக் கோரும் வழக்கை விசாரிக்கும் அதிகாரம் காதிக்கு அளிக்கப்பட்டது.

இதனால் கைக்கூலி மார்க்கக் கடமையாகிவிடாது. மார்க்கம் விதித்தது மஹர். அது ஆண் பெண்ணுக்குக் கொடுப்பது. சூரத்துன் நிஸாவின் 4ஆம் வசனம் அதனை மனமுவந்து கொடுக்கச் சொல்கிறது. பெண் வீட்டார் கொடுக்க வேண்டுமென்ற விதி எதுவுமில்லை. கைக்கூலி ஊர் வழக்கம். அந்த வழக்கத்தில் கைமாறிய பணம் பெண்ணுக்கு இல்லாமற் போகாதபடி சட்டம் ஒரு வேலி போட்டது, அவ்வளவே.

அந்த வேலி பயன்பட வேண்டுமானால் கொடுத்தது எழுத்தில் இருக்க வேண்டும். வயலை விற்றுக் கொடுத்த காசை வெட்கத்துக்காக மறைத்தால், பின்னொரு நாள் காதியின் முன் நிற்கும் மகளிடம் சான்று இராது. கைக்கூலியை ஒழிக்கப் பேசுவோம். அது கட்டாயம் வேண்டும். ஒழியும்வரை, அது யாருடைய பணம் என்பதை எமது பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.