வீடு விற்க முகவர் கட்டணம் ஏன் இவ்வளவு?

சிங்கப்பூரில் வீவக மறுவிற்பனை வீட்டை விற்பவர், விற்பனை விலையில் 2 விழுக்காட்டைத் தம் சொத்து முகவருக்குத் தருவது பரவலான வழக்கம். வீடு 600,000 வெள்ளிக்கு விலைபோனால் கட்டணம் 12,000 வெள்ளி. முகவரின் நிறுவனம் பொருள், சேவை வரிக்குப் பதிவு செய்திருந்தால், 9 விழுக்காடு வரியாக மேலும் 1,080 வெள்ளி.

அதே வீடு 400,000 வெள்ளிக்கு விலைபோயிருந்தால் கட்டணம் 8,000 வெள்ளிதான். விளம்பரம், வீட்டைக் காட்டுவது, பேரம், ஆவணங்கள் என வேலை பெரிதாக மாறுவதில்லை. விலை ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது.

முகவர் தரப்பிலும் நியாயம் உண்டு. வீடு விற்காவிட்டால் பொதுவாக அவருக்கு எதுவும் கிடைக்காது. கைகூடாத முயற்சிகளுக்கான செலவையும் கைகூடிய விற்பனையே ஈடுகட்ட வேண்டும். கட்டணத்தில் ஒரு பங்கு அவரது நிறுவனத்துக்கும் போகிறது.

ஆனால், 2 விழுக்காடு என்பது சட்டம் விதித்த அளவு அன்று. பேசிக் குறைக்கலாம். நிலையான தொகைக்கு வேலை செய்யும் முகவர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், கட்டணத்தில் வரி அடங்குமா, எந்தெந்தச் சேவைகள் அடங்கும் என்று கேளுங்கள். ஒரே முகவருக்கு மட்டும் உரிமை தரும் ஒப்பந்தம் 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கக்கூடாது. அந்தக் காலத்தில், வாங்குபவரை நீங்களே கண்டுபிடித்தாலும் கட்டணம் செலுத்த நேரலாம்.

முகவர் இல்லாமலும் விற்கலாம். வீவகவின் மறுவிற்பனை இணையவாசல் 2018 முதல் செயல்படுகிறது. 2024 முதல் வீட்டை அங்கேயே விற்பனைக்குப் பட்டியலிடலாம். மூவறை, அதைவிடப் பெரிய வீடுகளுக்கு விண்ணப்பக் கட்டணம் 80 வெள்ளி. வீட்டைக் காட்டுவதும் பேரம் பேசுவதும் ஆவணங்களைச் சரிபார்ப்பதும் உங்கள் பொறுப்பாகும்.