மஞ்சள் தோல்

1797 ஆகஸ்ட் 30 அன்று லண்டனில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் தாய் இறந்துபோனாள். அதே ஆண்டு பாரிஸில் லூயி நிக்கோலா வோக்லான் என்ற வேதியியலாளர், சைபீரியாவிலிருந்து வந்த செந்நிறத் தாது ஒன்றை ஆராய்ந்து, அதுவரை யாரும் அறியாத ஓர் உலோகம் அதற்குள் இருப்பதைக் கண்டார். குழந்தை மேரி ஷெல்லி. உலோகம் குரோமியம். ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் கிடையாது. இங்கே சொல்ல வந்தது மேரி எழுதிய கதை தமிழ்நாட்டுக்கு வந்த வழியைத்தான். உலோகமும் பின்னால் வந்து சேரும், ராணிப்பேட்டையில்.

கதையின் பயணம் ஓர் எரிமலையில் தொடங்குகிறது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா வெடித்தது. அதன் சாம்பலும் கந்தகப் புகையும் வானத்தை மறைத்ததால், 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரைக்கு உல்லாசமாக வந்திருந்த சில ஆங்கிலேயர்கள் மழைக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். கவிஞர் பைரன், அவருடைய மருத்துவர் பாலிடோரி, கவிஞர் ஷெல்லி, அவரோடு வந்த பதினெட்டு வயது மேரி, மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேர். பொழுது போகாமல் ஒரு பேய்க்கதைப் புத்தகத்தை உரக்கப் படித்தார்கள். 'ஃபாண்டாஸ்மகோரியானா' என்ற அந்தப் புத்தகத்தின் கதைகள் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டவை. ஐரியேஸ் என்பவர் 1812இல் அவற்றைப் பிரெஞ்சில் கொண்டுவந்திருந்தார். படித்து முடித்ததும், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் பைரன்.

திகில் கதை எழுதக் கற்றுக்கொள்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. மழை, பூட்டிய வீடு, முன்னோடிகளின் புத்தகம், அதுவும் மொழிபெயர்ப்பு. பெரிய கவிஞர்கள் இருவரும் தொடங்கிய கதைகளைப் பாதியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மருத்துவர் பாலிடோரி, பைரன் கைவிட்ட துண்டை எடுத்து 'வாம்பயர்' கதையாக வளர்த்தார்; ரத்தம் குடிக்கும் கனவான்கள் எல்லோரும் அதன் வாரிசுகள். மேரி எழுதிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818 ஜனவரி 1 அன்று மூன்று தொகுதிகளாக, 500 பிரதிகள், ஆசிரியர் பெயரில்லாமல் வெளியானது.

அதில் அவர் கற்றுக்கொண்டது எது, தானாகச் சேர்த்தது எது என்று பார்த்தால்தான் கதையின் தொழில்நுட்பம் புரியும். ஜெர்மன் கதைகளில் சாபம் உண்டு, ஆவி உண்டு, குடும்பப் பழி உண்டு. மேரி ஆவியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு பட்டறையை வைத்தார். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற மாணவன் பிணவறையிலிருந்தும் கசாப்புக் கூடத்திலிருந்தும் பாகங்கள் சேகரித்து ஓர் உடலை உண்டாக்குகிறான். அழகான பாகங்களாகவே பொறுக்கி எடுக்கிறான்: கருத்துப் பளபளக்கும் முடி, முத்துப் பல். உயிர் வந்து கண் திறந்ததும், அந்த அழகுகளே அருவருப்பாகிவிடுகின்றன. உருவத்தின் தோல் மஞ்சள் நிறம். அடியில் ஓடும் தசையையும் ரத்தக் குழாயையும் அது சரியாக மூடக்கூட இல்லை.

சினிமா பார்த்தவர்களுக்கு அந்த உருவம் பச்சை. அது விளம்பரத் தட்டிகள் கொடுத்த நிறம். புத்தகத்தில் மஞ்சள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த யாரிடமாவது இந்த வர்ணனையைச் சொன்னால், பயத்துக்கு முன் வேறொன்று தோன்றும். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்து மயிர் நீக்கிய தோல், பதனிடும் முன் அப்படித்தான் இருக்கும்: உப்பி, ஈரமாக, நரம்பு ஓடிய தடம் தெரிய. பதனிட்ட பிறகும் நரம்புத் தடம் தெரிந்தால் அது குறை, விலை இறங்கும். விக்டர் செய்த சரக்கை செலக்‌ஷனிலேயே கழித்திருப்பார்கள்.

விக்டரும் கழித்துத்தான் விடுகிறான். ஆனால் எப்படி? கண் திறந்த உருவத்தைப் பார்த்ததும் படுக்கையறைக்கு ஓடுகிறான். அது அவனிடம் கை நீட்டுகிறது. வீட்டை விட்டே ஓடிவிடுகிறான். நாவலின் திகில் முழுக்க இந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. பின்னால் விழும் ஒவ்வொரு பிணமும் இதன் வட்டி. நம் பேய்க்கதைக்காரர்களில் பலர் உருவத்தைப் படித்துக்கொண்டார்கள், ஓட்டத்தைக் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் மேரியிடம் உண்டு. உருவத்தைப் பேச வைத்தார். வடதுருவக் கடலில் வால்டன் என்ற கப்பல் தலைவன் தன் சகோதரிக்கு எழுதும் கடிதங்கள் வெளிக்கூடு. அதற்குள் விக்டரின் கதை. அதற்கும் உள்ளே, நட்ட நடுவில், உருவமே தன் கதையைச் சொல்கிறது. காட்டில் கிடந்த ஒரு தோல் பெட்டியில் அதற்குச் சில புத்தகங்கள் கிடைத்தன: மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்', புளூடார்க்கின் வாழ்க்கை வரலாறுகள், கேத்தேயின் 'வெர்தர்'. அந்த மூன்று ஆசான்களிடம்தான் அது துக்கத்தையும் கோபத்தையும் நீதியையும் பேசக் கற்றது. பேசுகிற பிசாசு நமக்குப் புதிதல்ல. விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக்கொண்டு கேள்வி கேட்கும் வேதாளத்தை மிஞ்சிய பேச்சுக்காரப் பேய் எங்கே இருக்கிறது? மேரி தன் நாவலைத் திருத்தி மறுபதிப்புக் கொண்டுவந்த அதே 1831இல் பாபிங்டன் என்பவர் தமிழ் வேதாளக் கதையை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பேய்கள் இரு திசையிலும் கப்பல் ஏறியிருக்கின்றன.

மேடைக்கு வந்ததும் அந்த உருவத்தின் வாயை அடைத்தார்கள். 1823இல் லண்டனில் நடந்த நாடகத்தில் அது ஊமை. மேரி போய்ப் பார்த்தார். நடிகர் பட்டியலில் உருவத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு மட்டும் போட்டிருந்தது அவருக்குப் பிடித்துப் போயிற்று. 1931இல் ஜேம்ஸ் வேல் எடுத்த படத்தில் போரிஸ் கார்லாஃப் உறுமினார், அவ்வளவுதான். உலகத்தில் பெரும்பாலோர் கற்றுக்கொண்டது அந்த ஊமை உருவத்தை.

தமிழுக்கு அது புத்தகத்தின் வழியாக வந்தது நம் அதிர்ஷ்டம். 1943இல் 'பிரேத மனிதன்' என்ற பெயரில் மொழிபெயர்த்தவர் புதுமைப்பித்தன். அவர் கற்றுக்கொண்ட விதமும் சுவையானது. ஆரம்பத்தில் மாப்பஸான் கதைகளைத் தழுவி எழுதிக் கை பழகியவர், பின்னாளில் தழுவலைக் கடுமையாகச் சாடி, மொழிபெயர்ப்புதான் முறை என்று வாதிட்டார். திருடிப் பழகியவனுக்குத்தான் பூட்டின் அருமை தெரியும் என்று யாராவது கேலி செய்திருக்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பு என்பது ஆசானின் ஒவ்வொரு வாக்கியத்தையும் கழற்றிப் பார்க்கும் வேலை. அந்தப் பயிற்சிக்கு ஈடு இல்லை.

அதே 1943இல் 'காஞ்சனை' வந்தது. அதில் ஆய்வுக்கூடம் இல்லை, இடி மின்னல் இல்லை. கதை சொல்பவன் ஓர் எழுத்தாளன். மனைவி. வாசலுக்கு வந்த பிச்சைக்காரி, வீட்டு வேலைக்கு அமர்த்தப்படுகிறாள். இரவில் ஒரு வாடை. எது நடந்தது, எது தூக்கக் கலக்கம் என்று ஆசிரியர் தீர்த்துச் சொல்வதில்லை. மேரியின் கதைக்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் ஒற்றுமை தேடினால் கிடைக்காது. தன் காலத்து அறிவியல் புழங்கிய இடத்தில் மேரி பயத்தை வைத்தார். இவர் தன் வீட்டுத் திண்ணையிலும் அடுக்களையிலும் வைத்தார். இடத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டார் என்பதுதான் செய்தி. பிற்பாடு சுஜாதா 'கொலையுதிர் காலத்'தில் பேயா, ஹோலோகிராமா என்று தன் நாயகர்கள் கணேஷையும் வசந்தையும் மோதவிட்டதும் இந்த வழியில் வந்ததுதான். மாத நாவல்களின் பேய்கள் பெரும்பாலும் பாழ் பங்களாவையும் வெள்ளைப் புடவையையும் தாண்டவில்லை.

இனி உலோகத்துக்கு வரலாம். 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ், குரோமியம் உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்த வேலை, டிரம்மில் சுற்றினால் ஓரிரு நாளில் முடிந்தது. சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் இதைச் சோதிக்கத் தொடங்கினார். பாலாற்றங்கரை ஊர்களுக்கு அது பரவியதும் குரோம் உப்புக்குத் தேவை பெருகியது. 1970களின் நடுவில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை தொடங்கியது. சோடியம் பைகுரோமேட்டும், அதிலிருந்து தோல் பதனிடும் குரோம் பவுடரும் தயாரித்தது. 1990களின் நடுவில் மூடப்பட்டது.

செய்தவர்கள் போனார்கள், செய்தது நின்றது. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு, மலையாக. அதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். நீரில் கரையும், புற்றுநோய் தரும். மழை பெய்தால் அடியிலிருந்து கசியும் நீரின் நிறம் மஞ்சள். 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலை பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்டபோது, ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலையில், அதே ஊரில் சிட்கோ வளாகத்தின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

இதில் ஒரு விந்தை உண்டு. உண்டாக்கியவன் பொறுப்பேற்க வேண்டும் என்று நாவலில் பனிமலை ஒன்றில் உருவம் விக்டரிடம் வைத்த வாதம், இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதிந்தது இந்த ஊர்களின் வழக்கில். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடும் தரவேண்டும், கெட்டுப்போன சூழலைச் சீராக்கும் செலவும் ஏற்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. மண்ணையும் நீரையும் மீட்பது பற்றிய வழக்குகள் 2025 வரை தொடர்ந்திருக்கின்றன.

ராணிப்பேட்டையில் திகில் கதை எழுத உட்காரும் ஒருவருக்கு மேரியும் புதுமைப்பித்தனும் என்ன சொல்லிக்கொடுப்பார்கள்? கழிவு மலையையே பேச வைத்தால் அது 'நதி பேசுகிறது' என்ற பள்ளிக்கூடக் கட்டுரையாகிவிடும். நடுவில் பேச வேண்டியது அந்த ஆலையில் ஷிஃப்ட் பார்த்து, மூடிய பிறகும் அதே தெருவில் குடியிருக்கும் ஆள். பேய் வேண்டுமானால் அவர் வீட்டுக் கிணற்றடியில் இருக்கட்டும், உண்டா இல்லையா என்று தீர்த்துச் சொல்லாமல். வெளிக்கூட்டுக்கு வால்டன் மாதிரி ஒருவர் தேவை: நீர் மாதிரி எடுக்க வரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இளம் பொறியாளர் சரியாகப் பொருந்துவார். அவருடைய கடிதங்களுக்குப் பதில் ஆய்வறிக்கை, நினைவூட்டல் ஓலை, டெண்டர் அறிவிப்பு. இவற்றைக் கற்பனை செய்யவே வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, கட்டணம் கட்டி நகல் கேட்கலாம்.