பாலக்காட்டுக் கணவாய்

தபதி ஆற்றங்கரையில் தொடங்கிக் குமரி முனை வரை சுமார் 1,600 கி.மீ. நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மிகப் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். வடக்கே தொட்டபெட்டா (2,637 மீ.) நிற்கும் நீலகிரி, தெற்கே ஆனைமுடி (2,695 மீ.) நிற்கும் ஆனைமலைத் தொகுதி. நடுவில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு மலையே இல்லை. தரை பெரும்பாலும் 300 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. கணவாய் என்றதும் இரு பாறைகளுக்கு நடுவே நெளிந்து போகும் ஒற்றையடிப் பாதைதான் மனத்தில் தோன்றும். இங்கே அதை எதிர்பார்க்க வேண்டாம். கோவையில் பேருந்து ஏறி, வாளையாறு தாண்டி, பாலக்காட்டில் இறங்குகிறவருக்கு மலைத்தொடரைக் கடந்து வந்ததே தெரியாது.

இவ்வளவு அகலமான வாசலை ஆறு ஒன்று அரித்தே உண்டாக்கியிருக்கும் என்று சொல்வது கடினம். இதன் வழியே மேற்கே ஓடி, பொன்னானியில் அரபிக்கடலில் கலக்கும் பாரதப்புழா அதற்குச் சிறியது. கணவாய்க்கு அடியில் கிழக்கு மேற்காகப் பூமியின் மேலோட்டில் மிகப் பழைய நசிவு மண்டலம் ஒன்று கிடக்கிறது. 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நொறுங்கிப் பலவீனப்பட்ட அந்தப் பாறைப் பட்டையில் அரிப்பு எளிதாக வேலை செய்தது என்பது பொதுவான விளக்கம். முடிந்த முடிவு என்று இன்னும் எதுவும் இல்லை.

வானிலையில்தான் இக்கணவாயின் ஆட்டம் தெரியும். ‘கணவாய் வழியாக மழை வருகிறது’ என்று கோவையில் சொல்வார்கள். பாதிதான் சரி. கணவாய் தாராளமாக உள்ளே விடுவது காற்றை, மழையை அல்ல. ஈரக்காற்று மழையாக மாற வேண்டுமானால் அது மேலே ஏற வேண்டும். ஏறினால்தான் குளிரும், குளிர்ந்தால்தான் நீராவி துளியாகும். ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி ஏறும் இடங்களில் கொட்டித் தீர்க்கிறது. கணவாயில் முட்டுவதற்குச் சுவர் இல்லை. காற்று ஏறாமல், இரு மலைகளுக்கும் இடையே நெருக்குண்டு வேகமெடுத்துக் கிழக்கே பாய்கிறது. கோவைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் குடை பிடித்தாலும் முகத்தில் அடிக்கும் சாரல்தான்.

ஒரே மாவட்டத்துக்குள் கணக்குப் பார்த்தால் இது விளங்கும். வால்பாறைக்கு அருகே மலைமேல் இருக்கும் சின்னக்கல்லாறில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மி.மீ. மழை. கோவை நகரத்தில் 600 முதல் 700 மி.மீ.தான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொடுப்பது.

மழை குறைந்தாலும் குளிர்ச்சிக்குக் குறைவில்லை. கோவையும் திருச்சியும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கும் ஊர்கள். ஜூலையில் திருச்சியின் பகல் வெப்பம் 36 டிகிரியை ஒட்டி நிற்க, கோவையில் 31 அளவில் முடிந்துவிடும். கோவை சுமார் 330 மீட்டர் கூடுதல் உயரத்தில் இருப்பதால் வரும் வேறுபாடு இரண்டு டிகிரிக்கு மேல் போகாது. மீதி, மேகத்தோடும் கடல் ஈரத்தோடும் வரும் கணவாய்க் காற்றின் கொடை.

அந்தக் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. ஆனி, ஆடியில் கொங்கு வாழைத் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள்: குலை தள்ளிய மரத்துக்கெல்லாம் கம்பு ஊன்றி முட்டுக் கொடுத்திருப்பார்கள், இலைகள் நார் நாராகக் கிழிந்து தொங்கும். பல்லடம், உடுமலை வட்டாரத்தில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளுக்கோ இதுதான் அறுவடைக் காலம்.

கேரளப் பக்கம் நிலைமை வேறு. கோடையில் கிழக்கிலிருந்து உலர்ந்த காற்று கணவாய்க்குள் நுழைவதால் பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. தென்னைக்குப் பெயர்போன கேரளத்தில் சித்தூர் வட்டாரத்தின் வயல் வரப்புகளில் மட்டும் பனை வரிசை கட்டி நிற்பதும் இந்த வறட்சியால்தான். ஓ. வி. விஜயன் 1969இல் வெளியிட்ட ‘கசாக்கின்றெ இதிகாசம்’ நாவலின் பனையும் காற்றும் இந்த நிலத்துக்கு உரியவை.

மனிதர்களுக்கு இது எப்போதும் வாசல். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய நாணயங்கள், மேற்குக் கரைத் துறைமுகங்களோடு கொங்கு நாட்டுக்கு இருந்த வணிகத் தொடர்பைக் காட்டுகின்றன. 1862இல் போத்தனூர் வழியாக மேற்குக் கரைக்கு ரயில் போனதும் இதே வழியில்தான். மலைக்காட்டு உயிர்களுக்கோ இது தடை. சோலைக்காட்டை விட்டு இறங்காத ஒரு சிறு நீலப் பறவை கணவாய்க்கு வடக்கே ஓர் இனமாகவும் தெற்கே வேறு இனமாகவும் பிரிந்துவிட்டது. வடக்கு, தெற்கு யானைக் கூட்டங்களின் மரபணுவிலும் வேறுபாடு தெரிகிறது.

டிசம்பர், ஜனவரியில் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்கே வீசும். ஈரமில்லாத அந்தக் காற்று உதட்டை வெடிக்கவைத்துக்கொண்டு திருச்சூர் வரை போகும். அங்கே அதற்குப் பெயர் பாலக்காடன் காற்று.